குறைமாதக் குழந்தையின் தாயை வார்டுக்கு வெளியே நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

எழுநூறு, எண்ணூறு கிராம் எடையில் பிறந்த குழந்தையைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பிய செய்தி நாளிதழ்களில் அவ்வப்போது வருகிறது. மகிழ்ச்சியான செய்திதான். எத்தனை நாள் வென்டிலேட்டர், எத்தனை நாள் இன்குபேட்டர், டிஸ்சார்ஜ் ஆகும்போது எடை எவ்வளவு என்று எல்லாக் கணக்கும் அதில் இருக்கும். அத்தனை நாளும் அந்தக் குழந்தையின் தாய் எங்கே உட்கார்ந்திருந்தார், எவ்வளவு நேரம் தூங்கினார், அவரிடம் யார் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் இருக்காது. பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் எங்களுக்கு இது உறுத்துகிறது. பல வார்டுகளின் அன்றாட நடைமுறையிலும் அந்தத் தாய் இப்படித்தான் விடுபட்டுப் போகிறார்.

37 வாரம் நிறைவதற்குள் பிறந்தால் குறைமாதக் குழந்தை. உலகில் ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது. 2020-ல் மட்டும் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பிரசவமான பெண்களில் பெரும்பாலோருக்கு இரண்டாம், மூன்றாம் நாள் வாக்கில் காரணமே இல்லாமல் அழுகை வரும். இரண்டு வாரத்துக்குள் அது தானாகத் தெளிந்துவிடும். குறைமாதக் குழந்தையின் தாய்க்கு அதே நாட்களில் மார்பில் பால் கட்டுகிறது, குழந்தையோ பக்கத்தில் இல்லை. தையல் வலியோடு நடந்துபோய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறது. இந்தத் தாய்மார்களிடம் மனச்சோர்வும், பதற்றமும், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன பாதிப்பும் நிறைமாதத்தில் பெற்றவர்களிடம் இருப்பதைவிட அதிகமாகக் காணப்படுவதில் வியப்பில்லை.

முதலில் குற்ற உணர்வு. வாய்விட்டுக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒவ்வொரு தாயின் மனதிலும் ஓடுவது ஒரே கேள்வி: “நான் என்ன தப்பு செஞ்சேன்?” மாடிப்படி ஏறியது, கனமான பையைத் தூக்கியது, பஸ்ஸில் போனது, அன்றைக்குக் கணவரோடு சண்டை போட்டது என்று ஒரு பட்டியலே வைத்திருப்பார். மருத்துவம் அறிந்த காரணங்கள் வேறு: உயர் ரத்த அழுத்தம், நோய்த்தொற்று, ஒன்றுக்கு மேற்பட்ட கரு, கருப்பை வாய் குட்டையாக இருப்பது, பனிக்குடம் முன்கூட்டியே உடைவது. எவ்வளவு தேடியும் காரணம் தெரியாமலே போகிற பிரசவங்களும் ஏராளம். இதை மருத்துவர் தாயை உட்காரவைத்து, அவர் சம்மதித்தால் கணவரையும் வீட்டுப் பெரியவர்களையும் கூட வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். “நீ ஒழுங்கா ரெஸ்ட் எடுத்திருந்தா இப்படி ஆகியிருக்குமா” என்ற பேச்சு பெரும்பாலும் வீட்டிலிருந்துதான் கிளம்புகிறது. அவர்கள் காதிலும் விழுந்தால்தான் அது நிற்கும். ஒரு தடவை சொன்னால் போதாது. அதிர்ச்சியில் இருப்பவர் மனதில் பாதிதான் பதியும். மூன்றாம் நாள் ஒருமுறை, பத்தாம் நாள் ஒருமுறை திரும்பச் சொல்ல வேண்டும்.

“அழாதே, அழுதா பால் வத்திடும்” என்று சொல்லாத வார்டு இல்லை. நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அது தவறு, தீங்கும்கூட. வலியும் மன அழுத்தமும் பால் வெளிவருவதைச் சற்றுத் தாமதப்படுத்தும், உண்மை. பால் குறைந்துபோவதற்கு முக்கியக் காரணம் போதிய தடவை பீச்சாமல் விடுவதுதான். அழுகையை அடக்கச் சொன்னால், குழந்தைக்குத் தன் கண்ணீராலும் கெடுதல் செய்கிறோம் என்று ஏற்கெனவே இருக்கும் பட்டியலில் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்வார். அழும் தாயின் அருகில் பேசாமல் இரண்டு நிமிடம் உட்காருங்கள். பிறகு, குழந்தை இன்று செய்த ஏதாவது ஒன்றை உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்: “காலையில டயபர் மாத்தும்போது என் விரலைப் பிடிச்சிக்கிட்டான்.” அதற்கு மேல் ஆறுதல் மொழி வேண்டியதில்லை.

அலாரத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீடு திரும்பி மாதங்கள் கழித்தும் சில தாய்மார்களைத் துரத்துவது அந்தச் சத்தம்தான். செல்போன் சிணுங்கினாலே நெஞ்சு படபடக்கும். வார்டில் அலாரம் அடித்ததும் தாய் மானிட்டரைப் பார்க்கிறார், அனுபவமுள்ள செவிலியர் குழந்தையைப் பார்க்கிறார். இந்த ஒரு வித்தியாசத்தைக் கற்றுத்தர ஐந்து நிமிடம் ஆகும். பாதத்தில் ஒட்டியிருக்கும் சென்சார் குழந்தை காலை உதைக்கும்போது நகர்ந்தால்கூட ஆக்சிஜன் அளவு குறைந்ததாகக் காட்டும். அப்போது பார்க்க வேண்டியது உதட்டின் நிறம், மார்பு ஏறி இறங்குகிறதா என்பது. குறைமாதக் குழந்தையின் மூளையில் மூச்சை நடத்தும் பகுதி இன்னும் முதிர்ந்திருக்காது. அதனால் 20 நொடி அல்லது அதற்கு மேல் மூச்சு நின்றுபோவதும், கூடவே இதயத் துடிப்பு குறைவதும் நடக்கும். முதுகையோ பாதத்தையோ மெதுவாகத் தேய்த்தால் பெரும்பாலும் மூச்சு திரும்பிவிடும். இதற்குத்தான் கஃபீன் மருந்து தருகிறோம். வாரங்கள் கூடக்கூட இது குறைந்து நின்றுவிடும். இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் முதல் அலாரத்தில் தாய் உறைந்து நிற்க மாட்டார். சொல்லாவிட்டால், செவிலியர் ஓடிவந்து குழந்தையின் முதுகைத் தேய்ப்பதைப் பார்க்கும் தாய்க்கு அது குழந்தையின் கடைசி நிமிடமாகத்தான் தெரியும்.

எடையும் அப்படித்தான். பிறந்த முதல் வாரத்தில் உடலில் இருக்கும் மிகை நீர் வெளியேறுவதால் எடை பத்து சதவீதம் வரை, மிகச் சிறிய குழந்தைகளுக்கு அதற்கு மேலும் குறையும். பிறந்த எடையை மறுபடி எட்ட இரண்டு வாரம் ஆகலாம். ஒரு கிலோ குழந்தை 900 கிராம் ஆகிவிட்டது என்று கேஸ் ஷீட்டில் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் தாயின் நிலையை நினைத்துப் பாருங்கள். எடை குறையும், பிறகு ஏறும் என்று இரண்டாம் நாளே சொல்லிவிடலாம். தினமும் 10 கிராம் ஏறியதா இறங்கியதா என்று எண்ணிக்கொண்டிருக்காமல் வாரத்துக்கு ஒருமுறை ஒப்பிடச் சொல்லலாம்.

தொடுவதைச் சொல்லித்தர வேண்டும் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. தாய் தயங்கித் தயங்கிக் கையை உள்ளே விட்டு, ஒரு விரலால் குழந்தையின் கையை வருடுவார். குழந்தை விரல்களை விறைப்பாக விரிக்கும், விக்கல் எடுக்கும், நிறம் மாறும், அலாரம் அடிக்கும். “நான் தொட்டாலே பிடிக்கல” என்று கையை எடுத்துவிடுவார், அதன் பிறகு நாள்கணக்கில் தொடமாட்டார். நடந்தது வேறு: அந்த வயதுக் குழந்தையின் நரம்புகளுக்கு லேசான வருடல் தாங்காது. அசையாத, உறுதியான தொடுகை வேண்டும். கையைக் கழுவிச் சூடாக்கிக்கொண்டு, ஒரு உள்ளங்கையைத் தலையைச் சுற்றிக் குடையாக வைத்து, மற்றக் கையால் மடங்கிய கால்களைப் பாதத்தோடு சேர்த்து அணைத்துப் பிடித்தால் போதும். தட்டக் கூடாது, தேய்க்கக் கூடாது. ஐந்து பத்து நிமிடத்தில் மூச்சு சீராவதைத் தாயே மானிட்டரில் பார்ப்பார். கையை எடுக்கும்போதும் ஒவ்வொரு கையாக, மெதுவாக. தன் கையால் குழந்தை அமைதியானதைக் கண்ட தாயிடம் அன்று மாலையே மாற்றம் தெரியும்.

அடுத்தது கங்காரு பராமரிப்பு, அதாவது குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு தோல்மேல் தோல் படும்படி அணைத்து வைத்திருப்பது. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் எட்கர் ரே சனப்ரியா என்ற மருத்துவர் தொடங்கியது. இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. நிலைமை சீராகும்வரை காத்திராமல் பிறந்த உடனேயே தாயின் மார்பில் வைத்த குழந்தைகளிடையே முதல் 28 நாள் இறப்பு 25 சதவீதம் குறைவாக இருந்தது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம், பிறந்ததும் தொடங்கி ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யுங்கள் என்று பரிந்துரைத்தது. தாயின் மனச்சோர்வு அறிகுறிகளையும் இது குறைக்கிறது.

ஆனால் இதையும் கெடுத்துவிட முடியும். குழாயும் வயர்களுமாக இருக்கும் குழந்தையைத் திடீரென்று கொண்டுவந்து “பிடிங்கம்மா” என்று கொடுத்தால் பயத்தில் அவர் தோள் இறுகிப்போகும். முதல் தடவைக்கு இரண்டு செவிலியர்கள் வேண்டும்: ஒருவர் குழந்தையைத் தூக்க, மற்றவர் குழாய்களைப் பார்த்துக்கொள்ள. தாய் முன்னதாகத் தண்ணீர் குடித்து, கழிப்பறைக்குப் போய்வந்துவிட வேண்டும். முன்பக்கம் திறக்கும் ஆடை, சாய்வு நாற்காலி, சுற்றிலும் திரை வேண்டும். திரை இல்லாத வார்டில் கூச்சத்தால் பத்து நிமிடத்தில் எழுந்துவிடும் தாய்க்கு “அக்கறை இல்லை” என்று பெயர் வாங்கித்தருகிறோம். குழந்தைக்கு டயபர், தொப்பி, காலுறை மட்டும். மார்பகங்களுக்கு நடுவே நிமிர்ந்த நிலையில், தலை ஒரு பக்கம் திரும்பி, கழுத்து மடங்காமல் இருக்க வேண்டும். மோவாய் நெஞ்சில் அழுந்தினால் மூச்சுப்பாதை அடைபடும். கைகால்கள் தவளைபோல மடங்கியிருக்க, துணியின் மேல் விளிம்பு குழந்தையின் காதுக்குக் கீழே வருமாறு கட்ட வேண்டும். ஒரு தடவை உட்கார்ந்தால் குறைந்தது ஒரு மணி நேரம். பெட்டியிலிருந்து எடுத்து மாற்றுவதே குழந்தைக்கு அலுப்பு, அது அடங்கித் தூங்க நேரம் பிடிக்கும். இன்றைக்குப் பயமாக இருக்கிறது என்கிற தாயை வற்புறுத்தக் கூடாது. கையால் அணைத்துப் பிடிக்கட்டும், நாளைக்கு மறுபடி கேட்கலாம்.

பால் விஷயத்தில் நாமே தாய்மார்களை அதிகம் காயப்படுத்துகிறோம். பிரசவமான சில மணி நேரத்துக்குள், தாமதமானால் ஆறு மணி நேரத்துக்குள், கையால் பீச்சத் தொடங்க வேண்டும். முதலில் வருவது சொட்டுகள்தான். அந்தச் சீம்பாலைச் சிரிஞ்சில் எடுத்தால் அரை மில்லிகூட இருக்காது. “இவ்வளவுதானா?” என்ற ஒரு சொல் போதும், தாய் அடுத்த வேளை பீச்ச வரமாட்டார். ஒரு கிலோ குழந்தைக்குத் தொடக்க நாட்களில் ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு மில்லிதான் தருகிறோம், அந்தச் சொட்டுகளைக் கன்னத்தின் உட்புறம் தடவுவதுகூடச் சிகிச்சைதான் என்று அப்போதே சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது, இரவிலும் ஒரு தடவையாவது பீச்சினால் இரண்டாம் வார முடிவில் நாளொன்றுக்கு 500 மில்லி, அதற்கு மேலும் எட்டலாம். குழந்தையின் அருகில் உட்கார்ந்தோ, குழந்தையின் வாசம் உள்ள துணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டோ பீச்சினால் பால் எளிதில் இறங்கும். யாருக்கு எத்தனை மில்லி என்று எல்லோரும் பார்க்கும் பலகையில் எழுதும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். பாட்டிலையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்கு அதன் மேல் ஒரு காலுறையை மாட்டிவிட்டால் மனம் இளகும். எல்லாம் செய்தும் பால் போதாமல் போகிறவர்கள் உண்டு. தானமாகப் பெற்ற தாய்ப்பால் இருந்தால் அதைத் தரலாம், இல்லாவிட்டால் குறைமாதக் குழந்தைக்கான பால்பொடி. எதைக் கொடுத்தாலும் கொடுக்கும் கை தாயுடையதாக இருக்கட்டும்.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 24 மணி நேரத்தில் ஒரு தடவையாவது தொடர்ச்சியாக நாலைந்து மணி நேரம் தூங்காத தாய்க்கு மனநலம் பற்றி என்ன சொல்லியும் பயனில்லை. இரவில் பீச்சும் வேளைகளை அதற்கேற்றாற்போல் வகுத்துக்கொடுக்க முடியும்.

மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. 1987-ல் வந்தது. கடந்த ஏழு நாட்களைப் பற்றிப் பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. வழக்கமாக 13 அல்லது அதற்கு மேல் வந்தால், சில இடங்களில் 10 வந்தாலே, மனநல மருத்துவர் பேசிப் பார்க்க வேண்டும். பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதற்கு 0 தவிர எந்தப் பதில் வந்தாலும், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், அன்றைக்கே கவனிக்க வேண்டும். ஐந்து பத்து நிமிட வேலை. தவறு நடப்பது எங்கேயென்றால், மாமியாரோ கணவரோ பக்கத்தில் இருக்கும்போது கேட்பதிலும், ஒரே ஒரு தடவை கேட்டு ஃபைலில் செருகுவதிலும். முதல் வாரத்தில் பலருக்கு மதிப்பெண் கூடுதலாகத்தான் வரும். ஆகவே முதல் வாரம், மூன்றாவது நான்காவது வாரம், டிஸ்சார்ஜுக்கு முன், பிறகு ஒவ்வொரு மறுபரிசோதனையிலும் கேட்க வேண்டும். மதிப்பெண் அதிகம் வந்தால் யாரிடம் அனுப்புவது என்று முடிவு செய்யாமல் தொடங்கவே வேண்டாம்.

இந்தக் கேள்வித்தாளில் சிக்காதவர்கள் இரண்டு வகை. ஒருவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டி, ஒரு கேள்வியும் கேட்காமல், சத்தமின்றி இருப்பவர். “ரொம்ப நல்ல அம்மா” என்று எல்லோரும் சொல்வார்கள். உள்ளே மரத்துப்போயிருப்பார். இன்னொருவர் வருவதையே குறைத்துக்கொள்பவர். வந்தாலும் கதவருகே நின்றுவிட்டுப் போய்விடுவார். பாசமில்லாதவர் என்று இவரைப் பேசுவார்கள். குழந்தையிடம் மனதை ஒட்டவிட்டால் இழக்கும்போது தாங்காது என்று விலகி நிற்பவராக இருக்கலாம், அல்லது அந்த அறையின் சத்தமும் கிருமிநாசினி வாசனையும் பிரசவ நாளைத் திரும்பக் கொண்டுவருவதால் ஓடுபவராக இருக்கலாம். இவருக்குத் திட்டு உதவாது. பதினைந்து நிமிடம், கூடவே ஒரு செவிலியர், செய்ய ஒரு சிறு வேலை, அதன் பிறகு போகலாம் என்ற சலுகை உதவும்.

தூக்கமே தேவைப்படாதவர்போல இருப்பது, யாருக்கும் கேட்காத குரல் கேட்பது, குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்று உறுதியாக நம்புவது, மணிக்கு மணி குணம் மாறுவது ஆகியவை மனச்சோர்வைச் சேர்ந்தவை அல்ல. பிரசவத்துக்குப் பின் வரும் மனப்பிறழ்வு அது. ஆயிரத்தில் ஓரிருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில் வரும். ஒரு மணி நேரமும் தனியே விடாமல் உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். மனச்சோர்வுக்கு மருந்து தேவைப்பட்டால், பால் கொடுக்கிறோமே என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. செர்ட்ராலின் போன்றவை பாலில் மிகக் குறைந்த அளவே கலப்பதால் மருத்துவர்கள் தயங்காமல் தருகிறார்கள். மருத்துவரைக் கேட்காமல் தாய் தானாக மருந்தை நிறுத்தக் கூடாது.

இரட்டையரில் ஒன்றை இழந்து மற்றதற்காக வார்டில் காத்திருக்கும் தாயிடம் “ஒண்ணாவது கிடைச்சுதே” என்று சொல்லாதீர்கள். அவருக்கு இரண்டு குழந்தைகள். போன குழந்தையின் பெயரைச் சொல்லிப் பேச அவருக்கு இடம் கொடுங்கள். அவர் விரும்பினால், உயிருடன் இருக்கும் குழந்தையின் பெட்டியில் “இரட்டையர்” என்று எழுதிவையுங்கள், தெரியாமல் “ஒரே குழந்தையா?” என்று கேட்பவர்கள் குறைவார்கள்.

“கிருமி பரவும், அதனால் ஒரு மணி நேரம்தான் அனுமதி” என்பது பல இடங்களில் விதி. சோப்பு போட்டு 40 முதல் 60 நொடி, அல்லது கிருமிநாசினியால் 20 முதல் 30 நொடி கை கழுவும் தாயால் வரும் ஆபத்தைவிட, ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தையிடம் அவசரமாகப் போகும் எங்கள் கைகளால் வரும் ஆபத்தே அதிகம் என்பதை நாங்கள்தான் சொல்ல வேண்டும். எஸ்தோனியாவின் தாலின் நகரில் 1979-ல் அடிக் லெவின் என்ற மருத்துவர், செவிலியர் பற்றாக்குறையில், குறைமாதக் குழந்தைகளின் அன்றாடப் பராமரிப்பைத் தாய்மார்களிடமே ஒப்படைத்தார். அந்த யோசனையைக் கனடாவின் மருத்துவர்கள் எடுத்துச் செப்பனிட்டு, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 26 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஆராய்ந்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். பெற்றோர் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது உள்ளே இருந்து டயபர் மாற்றினார்கள், உடல் வெப்பம் பார்த்தார்கள், குழாய்வழிப் பால் கொடுத்தார்கள், மருத்துவர்கள் சுற்றுக்கு வரும்போது தம் குழந்தையின் நிலையைத் தாமே எடுத்துச் சொன்னார்கள். மூன்று வாரத்தில் அந்தக் குழந்தைகள் கூடுதலாக எடை ஏறியிருந்தன, பெற்றோரிடம் மன அழுத்தமும் பதற்றமும் குறைந்திருந்தன. தனியாக ஆலோசகரை நியமிக்க வசதியில்லாத இடத்தில்கூட இதைச் செய்யலாம் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

தந்தையையும் மறக்கக் கூடாது. அவருக்கும் மனச்சோர்வு வரும், எரிச்சலாகவோ வேலையே கதி என்று கிடப்பதாகவோ வெளிப்படும். கெட்ட செய்தியை அவரிடம் மட்டும் சொல்லி “அம்மாகிட்ட சொல்லாதீங்க” என்று அனுப்பும் பழக்கம் இருவரையும் உடைக்கிறது. அவர் முகத்தைப் பார்த்தே தாய் கண்டுபிடித்துவிடுவார், பிறகு நாங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார்.

டிஸ்சார்ஜ் என்றால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். பலருக்கு மனம் உடைவது அதன் பிறகுதான். இரண்டு மாதம் மானிட்டரை நம்பியிருந்தவர் இரவு முழுதும் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டுக்குப் போகும் முன் ஓரிரு இரவாவது மானிட்டர் இல்லாமல் தாயும் குழந்தையும் ஒரே அறையில் தங்க வேண்டும், கூப்பிடும் தூரத்தில் செவிலியர் இருக்க வேண்டும். வார்டில் குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்ததைப் பார்த்த தாய் வீட்டிலும் அப்படியே செய்வார். அங்கே மானிட்டர் இருந்ததால் செய்தோம், வீட்டில் மல்லாந்துதான் தூங்கவைக்க வேண்டும் என்று போகும் முன்பே சொல்லி, மருத்துவமனையிலேயே பழக்கிவிட வேண்டும். வயதுக் கணக்கையும் எழுதிக் கொடுக்க வேண்டும். கர்ப்பகாலம் 40 வாரம் என்று வைத்துக்கொண்டால், 28 வாரத்தில் பிறந்த குழந்தை 12 வாரம் முந்திப் பிறந்தது. பிறந்து ஆறு மாதமானால், அந்த 12 வாரத்தைக் கழித்துவரும் அதன் திருத்திய வயது ஏறத்தாழ மூன்று மாதம்தான். குப்புற விழவில்லையே, பக்கத்து வீட்டுக் குழந்தை உட்காருகிறதே என்ற ஒப்பீட்டுக்கு இந்தக் கணக்குதான் பதில். இரண்டு வயது வரை இப்படியே கணக்கிட வேண்டும்.

நவம்பர் 17 உலகக் குறைமாதக் குழந்தைகள் நாள். அன்றைக்குச் சிறப்புச் செய்தி எழுதப்போகும் உங்கள் நிருபர்களுக்கு எங்கள் வேண்டுகோள்: குழந்தையின் எடையோடு இவற்றையும் கேட்டு எழுதுங்கள். இந்த வார்டில் தாய்மாருக்குச் சாய்வு நாற்காலி எத்தனை? இரவு இரண்டு மணிக்குத் தாய் உள்ளே வர முடியுமா? பால் பீச்சக் கதவுள்ள அறை இருக்கிறதா? கடந்த மாதம் டிஸ்சார்ஜ் ஆன குழந்தைகளின் தாய்மாரில் எத்தனை பேரிடம் அந்தப் பத்துக் கேள்விகளைக் கேட்டார்கள்?

இப்படிக்கு,
பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்கள் சிலர்